மண்ணுக்கடியில் வளரும் மரம்



மரம் என்றதும் வேரும் கிளையும் இலையும் நம் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் நான் எழுதவிருக்கும் மரத்திற்கு இலை இல்லை, நிழல் இல்லை. அதன் உயரம் சில மில்லிமீட்டர். நம் வீதிகளுக்குக் கீழே புதைந்திருக்கும் மின்வடங்களின் நெகிழி உறைக்குள் அது வளர்கிறது. வளர்ந்து முடிக்கப் பத்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ எடுத்துக்கொள்ளும். முடிந்த அன்று ஒரு வட்டாரமே இருளில் மூழ்கும். பொறியியலாளர்கள் இதற்கு இட்ட பெயர் நீர்மரம்.

நான் பொறியியலாளன் அல்லேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆயினும் இந்த நீர்மரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அதன் தொடக்கம் நாம் வாழும் இந்த மலாயா மண்ணில் இருப்பதைக் கண்டேன். உண்மையான ஒரு காட்டு மரத்தின் பாலில் தொடங்கி, ஆய்வுக்கூடத்தில் பிறந்த நெகிழியில் முளைத்த பொய்மரத்தில் வந்து நிற்கிறது அக்கதை. மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

தபான் மரத்தின் பால்

நம் முன்னோர் தோட்டப்புறங்களில் ரப்பரைக் 'கித்தா' என்றே வழங்கினர். பிசினையும் மரப்பாலையும் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது. ரப்பர் மரம் இந்நாட்டிற்கு வருவதற்கு முன்பே வேறொரு கெத்தா இங்கே இருந்தது. மலாய்க்காரர் தபான் என்றழைக்கும் காட்டு மரத்தின் பால், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். வெந்நீரில் இட்டால் களிமண்போல் இளகும். ஆறினால் மரக்கட்டைபோல் கெட்டியாகும். மலாய்க்காரர் இதைக்கொண்டு பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தனர். இதுவே கெத்தா பெர்ச்சா.

சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843ஆம் ஆண்டு வாக்கில் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1845இல் அங்கே கெத்தா பெர்ச்சா நிறுவனம் தோன்றியது. 1847இல் ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ், செம்புக் கம்பியின்மீது இப்பிசினை இணைப்பின்றி ஒரே உறையாகப் பொதியும் வழியைக் கண்டார். மறு ஆண்டு மைக்கேல் பாரடே இதன் மின்காப்புத் திறனை அறிவியல் உலகிற்கு எடுத்துரைத்தார். நீருக்கடியில் தந்திக் கம்பியைக் கொண்டுசெல்ல உலகம் தேடிக்கொண்டிருந்த பொருள் மலாய்க் காட்டிலிருந்து கிடைத்துவிட்டது.

1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடித் தந்தி இணைத்தது. 1858இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் வடம் சில வாரங்களிலேயே செத்துப்போனது. செய்தி தெளிவாகச் செல்லவில்லை என்பதற்காக அதன் பொறுப்பாளர் வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தியது, ஏற்கெனவே நலிந்திருந்த அவ்வடத்தின் முடிவை விரைவுபடுத்தியது. மின்காப்பு தாங்கும் அளவு ஒன்று, நாம் ஏற்றும் சுமை ஒன்று என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது. 1866இல் நிலையான அட்லாண்டிக் வடம் அமைந்தது.

தமிழராகிய நமக்கு நெருக்கமான செய்தி அடுத்து வருகிறது. 1870ஆம் ஆண்டின் இறுதியிலும் 1871ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாகச் சென்னையிலிருந்து பினாங்கிற்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. நம்மவர் கப்பலேறி வந்த அதே கடல்வழியின் அடியில், இந்த வட்டாரக் காடுகளின் பால் பூசிய செம்புக் கம்பி கிடந்தது. கரும்புத் தோட்டத்திற்கும் காப்பித் தோட்டத்திற்கும் ஆள் பிடிக்கும் வணிகச் செய்தி அதன்வழி சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கூலியாக வந்தவனுக்கோ தன் தாயின் சாவுச் செய்தி கடிதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

இதற்கு இந்தக் காடுகள் கொடுத்த விலை பெரிது. ரப்பர் மரத்தைப்போல் தபான் மரத்தை நாள்தோறும் சீவிப் பால் எடுக்க இயலாது. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பிசினைச் சுரண்டினர். ஒரு முதிர்ந்த மரம் தந்தது மிகச் சிறிதளவே. இலட்சக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தீபகற்பத்தின் பல பகுதிகளில் முதிர்ந்த தபான் மரத்தைக் காண்பதே அரிதாயிற்று.

எனினும் அப்பிசின் தன் வேலையைச் செவ்வனே செய்தது. கடலடியின் குளிரும் இருளும் அதற்கு ஏற்றவையாக இருந்தன. தந்தியின் மின்னழுத்தமும் குறைவு. எனவே கெத்தா பெர்ச்சா வடங்கள் பல பத்தாண்டுகள் உப்புநீரில் கிடந்தும் உழைத்தன. 'இத்தகைய பொருளை நீர் ஒன்றும் செய்யாது' என்னும் நம்பிக்கை அங்கே வேரூன்றியது. அந்த நம்பிக்கையே பின்னாளில் பொறியியலாளர்களுக்குக் குழி பறித்தது.

ஈயமும் காகிதமும்

தந்தியை அடுத்து மின்விளக்கு வந்தது. மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங்கில் என்பர். 1894இல் அங்கே லோக் இயூவும் நம்மவரான கா. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கி ஒன்றை நிறுவினர். சுரங்கக் குழியில் தேங்கும் நீரோடு நடந்த போராட்டமே இந்நாட்டிற்கு மின்சாரத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லலாம்.

பின்னர் 1927இல் பங்சார் மின்நிலையமும் 1953இல் கிள்ளானில் கானொட் பிரிட்ஜ் மின்நிலையமும் எழுந்தன. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் பிறந்தது; 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது; 1990இல் தெனாகா நேஷனல் என்னும் நிறுவனமாக மாறியது. இத்துறையில் குழி தோண்டியவர், கம்பி இழுத்தவர், கேபிள் இணைத்தவர், கணக்கு எழுதியவர் எனத் தமிழர் பலர் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸ், பங்சார் வட்டாரங்களில் அவர்தம் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்தன.

அக்கால மின்வடங்களின் மின்காப்பு காகிதம். வியப்பாக இருக்கலாம். செபாஸ்தியன் டி பெர்ராண்டி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெப்ட்போர்டு மின்நிலையத்திலிருந்து இலண்டன் நகருக்குள் 10,000 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவர மெழுகில் தோய்த்த பழுப்புக் காகிதத்தையே நம்பினார். அவ்வடங்களுள் பல நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றின. பின்னர் எண்ணெய் ஊறிய காகிதத்தின்மேல் காரீய உறை பொதிந்த கேபிள் உலகெங்கும் பரவியது.

கேபிள் இணைப்பு வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டறிந்தேன். "காகிதக் கேபிளுக்கு எமன் தண்ணீர்தான், வாத்தியாரே. அதனால் தண்ணீரைக் கண்டு நாங்கள் பயந்தோம். ஓர் இணைப்புப் போடுவதற்கு முன் உள்காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கொதிக்கும் எண்ணெயில் போடுவோம். 'படபட' என்று பொரிந்தால் ஈரம் ஏறிவிட்டது. அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதி வரும்வரை பின்னால் போவோம்" என்றார். பிறகு வந்த நெகிழிக் கேபிளைப்பற்றிக் கேட்டேன். "அது வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது, தம்பி. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று நினைத்தோம்" என்றார்.

உலகமும் அப்படித்தான் நினைத்தது.

நெகிழியின் வருகை

1933ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரெஜினால்டு கிப்சன், எரிக் பாசெட் என்னும் இருவர் எத்திலீன் வாயுவை மிகையழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, கலத்தில் வெண்மையான மெழுகு போன்ற பொருள் படிந்திருந்தது. அதுவே பாலித்தீன். 1956இல் அட்லாண்டிக்கில் போடப்பட்ட முதல் தொலைபேசி வடத்திற்குப் பாலித்தீனே மின்காப்பு. மலாய்க் காட்டுப் பிசினின் காலம் முடிந்தது.

பாலித்தீனுக்கு ஒரு குறை இருந்தது. சூடேறினால் இளகிவிடும். 1963இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில், பாலித்தீன் இழைகளை ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் பின்னி, இளகாத குறுக்குப்பிணைப்புப் பாலித்தீன் உருவாக்கப்பட்டது. நார்களைத் தனித்தனியே வைப்பதற்கும் வலையாகப் பின்னுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. 90 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் தொடர்ந்து உழைக்கும், எண்ணெய் கசியாது, காரீயச் சுமை இல்லை, இணைப்பதும் எளிது. மின்வாரியங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றன.

அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் புதிய குடியிருப்புகளுக்கு இத்தகைய கேபிள்களைப் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்திற்கு நேரே மண்ணில் புதைத்தனர். பலவற்றிற்கு மேலுறைகூட இல்லை. பாலித்தீன் மின்காப்பைச் சுற்றி வெறும் செம்புக் கம்பிகளே இருந்தன. நீர் புகாத பொருளுக்கு மழைக்குடை எதற்கு என்னும் எண்ணம். முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும் என்று கணக்கிட்டனர். அவற்றுள் பல, பத்து ஆண்டுகள் ஆகும் முன்பே வெடித்துப் பழுதாகத் தொடங்கின.

நீலச் சாயத்தில் தெரிந்த மரம்

காரணத்தை முதலில் சுட்டிக்காட்டியவர் ஜப்பானியர். நீரில் மூழ்கியிருந்த பாலித்தீன் பூச்சுக் கம்பிகள் மரம்போன்ற கிளைகள் படர்ந்து சிதைவதை மியாஷிதா என்னும் ஆய்வாளர் 1969இல் அமெரிக்காவில் நடந்த மின்காப்பு மாநாட்டில் அறிவித்தார். 1970களின் தொடக்கத்தில், புதைத்து எடுத்த அமெரிக்கக் கேபிள்களிலும் அதே மரங்கள் காணப்பட்டன. பின்னர் ஜெர்மனி முதலிய நாடுகளிலும் அதே கதை.

இந்த மரத்தைக் காண்பதே ஒரு கலை. பழுதான கேபிளின் மின்காப்பை மெல்லிய சீவல்களாக அரிந்து, மெத்திலீன் நீலச் சாயத்தில் வேகவைத்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்தால் நீல நிறத்தில் புதர்போலவோ விசிறிபோலவோ அது தெரியும். சாயமேற்றாத சீவலை உலர்த்திவிட்டால் மரம் மறைந்துவிடும். மீண்டும் வெந்நீரில் இட்டால் தோன்றும். காரணம், அது நீர் நிரம்பிய கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் கோவை. அவை மிக நுண்ணிய வழிகளால் தொடுக்கப்பட்டவை.

அது முளைக்க மூன்று பொருள்கள் ஒருங்கே வேண்டும். ஒன்று ஈரம்; பாலித்தீன் நீரை உறிஞ்சுவது மிகக் குறைவே எனினும் நீராவி அதனூடே மெல்ல ஊடுருவும். இரண்டு மாறுதிசை மின்புலம்; நொடிக்கு ஐம்பது சுற்றுகளாகத் திசை மாறி மாறி அழுத்தும் விசை. மூன்று ஒரு தொடக்கப்புள்ளி. தயாரிக்கும்போது கலந்துவிட்ட தூசு, உப்பு, ஒரு சிறு குமிழி, அல்லது உள்ளுறையில் முள்போல் நீட்டிய ஒரு மேடு. அந்த முனையில் மின்புலம் குவிகிறது; ஈரம் அங்கே திரள்கிறது; நெகிழியின் நுண்ணிழைகள் விரிசல் காண்கின்றன; விரிசலில் மேலும் ஈரம் சேர்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதற்கே பொருந்தும். இயந்திர விசையே முதன்மை என்பாரும், இழைகள் ஆக்சிகரணமடைந்து நீரை ஈர்க்கும் தன்மை பெறுவதே முதன்மை என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன என்பது பலரும் ஏற்கும் கருத்து.

மின்காப்பின் நடுவிலுள்ள மாசிலிருந்து இருபுறமும் விரிவது கழுத்துப்பட்டை முடிச்சு வடிவம். இது பெரும்பாலும் ஓரளவோடு நின்றுவிடும். உள்விளிம்பிலிருந்தோ வெளிவிளிம்பிலிருந்தோ புறப்படுவது நீர் வரத்து ஓயாததால் வளர்ந்துகொண்டே போகும். இதுவே அதிக இடர் தருவது.

அளவைக் கருதிப் பாருங்கள். 11 கிலோவோல்ட் கேபிளின் மின்காப்புத் தடிமன் 3.4 மில்லிமீட்டர். ஒரு கட்டத்திற்கும் நிலத்திற்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 6.35 கிலோவோல்ட். அதாவது மில்லிமீட்டருக்கு 2 கிலோவோல்ட்டுக்கும் குறைவு. புதிய பாலித்தீன் இதைப்போல் பல மடங்கைத் தாங்கும். அதனால்தான் தொழிற்சாலையில் நடத்தும் சோதனையில் எந்தக் கேபிளும் தோற்கவில்லை. குறைந்த அழுத்தம், நிறைந்த ஈரம், நீண்ட காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைச் சில நிமிடச் சோதனை காட்டுமா? காட்டாது.

நீர்மரம் தானே கேபிளை வெடிக்கச் செய்வதில்லை. அது வளரும்போது தீப்பொறி இல்லை, ஓசை இல்லை. மின்னிறக்கத்தை அளக்கும் கருவிக்கும் அகப்படாது. கறையான் அரித்த உத்தரம்போல வெளியே முழுமையாகவும் உள்ளே நலிந்தும் நிற்கும். ஒரு மின்னலின் அதிர்வோ, மின்விசை மாற்றும்போது எழும் திடீர் அழுத்தமோ தாக்கினால், நீர்மரத்தின் நுனியிலிருந்து மற்றொரு மரம் முளைக்கும். அது மின்மரம்; கரிந்த வழிகளையுடையது. நீர்மரம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தால் மின்மரம் மிகக் குறுகிய காலத்தில் வளர்ந்து மின்காப்பைத் துளைத்துவிடும். அப்போதுதான் விளக்கு அணைகிறது.

நம் மண்ணின் இயல்பு

நான் வாழும் ஸ்ரீ கெம்பாங்கானை இக்கண்ணோட்டத்தில் நோக்கினால் அச்சமும் வியப்பும் ஒருங்கே தோன்றும். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக அமைந்த ஊர் இது. இதன் அருகே உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றெனப் புகழ்பெற்ற ஹொங் பாட் லம்பம் இருந்தது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. இன்று அந்த லம்பம் மைன்ஸ் ஏரியாகக் காட்சி தருகிறது. அதைச் சுற்றிக் கடைத்தொகுதிகளும் மாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. பழைய லம்ப நிலத்தில் மணலும் சேறும் மாறி மாறிக் கிடக்கும். தோண்டிய சிறிது ஆழத்தில் நீர் ஊறும். அதன்மேல் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடிமுழக்கம் கேட்கும் என்பர். நீர்மரத்திற்கு வேண்டிய ஈரமும், அதை மின்மரமாக மாற்றும் மின்னலும் நம் ஊரில் கேட்காமலே கிடைக்கின்றன. இங்கு நேரும் மின்தடை ஒவ்வொன்றும் நீர்மரத்தால் விளைவது என்று நான் சொல்லவில்லை. குழி தோண்டும் இயந்திரம் வெட்டுவதும், இணைப்புகள் பழுதாவதும் உண்டு. ஆனால் இத்தகைய மண்ணில் புதைக்கும் கேபிளுக்குக் கூடுதல் காப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

பாடம் கற்ற விதம்

தொழில் உலகம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. முன்பு நெகிழியைப் பின்னுவதற்கு நீராவியைப் பயன்படுத்தினர். அந்த நீராவியே மின்காப்பினுள் நுண்குமிழிகளையும் ஈரத்தையும் விட்டுச் சென்றது. பின்னர் நைட்ரஜன் வாயுவில் உலர்முறையில் பின்னினர். முன்பு மின்காப்பின் இருபுறமும் கரித்துணி நாடாவைச் சுற்றினர். அதன் நார்களே முட்களாயின. பின்னர் உள்ளுறை, மின்காப்பு, வெளியுறை மூன்றையும் ஒரே நேரத்தில் வார்த்தனர். மூலப்பொருளைத் தூசியில்லாத அறையில் கையாண்டனர். கெட்டியான மேலுறையும், நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் நாடாவும் சேர்த்தனர். 1980களில் நீர்மரத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் கலவையுடைய பாலித்தீன் விற்பனைக்கு வந்தது. பழைய கேபிளின் செம்பு இழைகளுக்கிடையே சிலிகோன் நீர்மத்தைச் செலுத்தி, மரத்தின் துளைகளை நிரப்பிப் புத்துயிர் ஊட்டும் முறையும் அப்பத்தாண்டிலேயே வளர்ந்தது.

சோதிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. காகிதக் கேபிள்களுக்கு நேர்திசை உயர் மின்னழுத்தம் செலுத்திச் சோதிப்பது வழக்கம். அதே சோதனையை நீர்மரம் பிடித்த நெகிழிக் கேபிளுக்குச் செய்தால், மின்னூட்டம் உள்ளே தேங்கி, திரும்பப் பணிக்கு விட்டதும் கேபிள் பழுதாகிவிடுவதைக் கண்டனர். நோயாளியைப் பரிசோதனையே கொன்றதற்கு ஒப்பு. இன்று நொடிக்குப் பத்தில் ஒரு சுற்று என்னும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்னழுத்தம் செலுத்தி, மின்காப்பில் எவ்வளவு ஆற்றல் வீணாகிறது என்று அளந்து நோயின் அளவை மதிப்பிடுகின்றனர்.

இச்சிக்கல் இன்னும் முற்றுப்பெறவில்லை. கடலில் காற்றாலைகளை நிறுவும் நாடுகள், காற்றாலைகளுக்கிடையே 33 கிலோவோல்ட், 66 கிலோவோல்ட் கேபிள்களைக் காரீய உறையின்றி ஈரத்திலேயே கிடக்குமாறு அமைக்கின்றன. இம்முறை நீர் வரும் என்பதை அறிந்தே, அதற்கேற்ற கலவையைத் தேர்ந்து, உப்புநீரில் நீண்ட காலம் ஊறவைத்துச் சோதித்த பின்னரே புதைக்கின்றனர்.

இவ்வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் வலியுறுத்துவது ஒன்று உண்டு. காகிதம் நீருக்கு மிக எளிதில் தோற்கும் பொருள். அதனாலேயே அதைக் காரீயத்தால் பொதிந்து, ஒவ்வோர் இணைப்பிலும் எண்ணெயில் பொரித்துப் பார்த்துக் காத்தனர். அது நீண்ட காலம் உழைத்தது. பாலித்தீன் நீரை வெல்லும் பொருள் என்று நம்பினர். உறையின்றி ஈர மண்ணில் புதைத்தனர். அது பத்தாண்டில் தோற்றது. பொருளின் வலிமையைவிட, அதன் குறையை அறிந்து காக்கும் மனிதனின் விழிப்பே மின்காப்பாக இருந்திருக்கிறது. தேர்வு நாளில் நூறு மதிப்பெண் பெற்றுவிட்ட பிள்ளையை இனிக் கவனிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிடும் பெற்றோருக்கும், ஆசிரியரான எனக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு.

தபான் மரங்களை வெட்டிச் சாய்த்தபோது அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தடுக்க நினைத்தவர் மிகச் சிலரே. நெகிழிக்குள் மரம் வளர்ந்தது எவர் கண்ணுக்கும் தெரியவில்லை; அதைக் கண்டறிய ஒருவர் ஒரு சீவலை அரிந்து நீலச் சாயத்தில் இட்டுப் பொறுமையாக நோக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுள் சிலரேனும் அத்தகைய பொறுமையுடன் நுண்ணோக்கியின் முன் அமர வேண்டும் என்பதே என் விருப்பம். கித்தா மரத்தைச் சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சீவலின் அருமை அவர்களுக்குத் தெரியாததன்று.